கோயிலுக்கு ஆப் வேண்டாம், கையில் இருக்கிற பிரவுசரைப் பழகுவோம்

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையா படிங்க. வீட்டில் இருக்கிற பெரியவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க. அவங்களை நினைச்சுத்தான் இதை எழுதுறோம்.

ஒவ்வொரு வருஷமும் நவராத்திரி உபயப் பதிவு தொடங்கும்போது தொண்டர்களான எங்களிடம் வருகிற முதல் கேள்வி இதுதான்: "ஏன் தம்பி, நம்ம கோயிலுக்கு ஒரு ஆப் செய்யக்கூடாதா? ஒரு தட்டு தட்டினா உபயம் எழுதிக்கலாம், பூஜை நேரம் பார்த்துக்கலாம், கணக்கு சுலபமா முடிஞ்சிடுமே."

நல்ல மனசோடு கேட்கிறாங்க. அதனால் மழுப்பாமல் எங்கள் கருத்தைச் சொல்லிடுறோம். நம்ம மாதிரி ஆலயத்துக்கு ஆப் தேவையில்லை. தேவைப்படுவது எல்லோர் கைப்பேசியிலும் ஏற்கெனவே இருக்கு. அதுக்குப் பேர் பிரவுசர். நல்ல தமிழில் உலாவி. ஆண்ட்ராய்டு வச்சிருக்கிறவங்களுக்குப் பெரும்பாலும் குரோம், ஐபோன் வச்சிருக்கிறவங்களுக்கு சஃபாரி. சாம்சங் கைப்பேசியில் சாம்சங் இண்டர்நெட் என்று இன்னொன்றும் இருக்கும். நம்மில் பலர் அதை லிங்க் வந்தால் திறந்துகொள்கிற ஒரு கண்ணாடி ஜன்னலாகத்தான் பார்க்கிறோம். அதுக்குள் என்ன வசதி இருக்குன்னு தெரிஞ்சா, ஆப் கேட்கிறதை நாமே விட்டுடுவோம்.

முதலில் ஆப் ஏன் வேண்டாம்னு சொல்றோம். ஆண்ட்ராய்டுக்கு ஒன்று, ஐபோனுக்கு ஒன்று என்று தனித்தனியாப் பராமரிக்கணும். கைப்பேசியின் மென்பொருள் மாறும்போதெல்லாம் ஆப்பையும் சரிபார்க்கணும். அதுக்கு ஆள் வேணும், வருஷா வருஷம் பணம் வேணும். அந்தப் பணத்தில் எத்தனை நாள் அன்னதானம் போடலாம்னு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க. அதோடு பழைய கைப்பேசி வச்சிருக்கிற தாத்தா பாட்டிக்கு இடம் போதாமல் ஆப் இறங்கவே இறங்காது. யாருக்காக ஆப் செய்தோமோ அவங்களுக்கே அது உதவாது.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கு. நம்ம நாட்டில் போலி ஆப் மூலம் வங்கிப் பணம் பறிபோவதைப் பற்றிக் காவல்துறையும் பேங்க் நெகாராவும் திரும்பத் திரும்ப எச்சரிச்சிருக்காங்க. வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வரும். பெயரின் கடைசியில் ஏபிகே என்று இருக்கும். கல்யாணப் பத்திரிகைன்னு சொல்லி வரும், வீட்டைச் சுத்தம் செய்யும் சேவைன்னு சொல்லி வரும். அதைத் தட்டி நிறுவிட்டோம்னா, கைப்பேசிக்கு வருகிற குறுஞ்செய்திகளை அது படிக்கும். வங்கி அனுப்புகிற டிஏசி எண்ணும் அதில் அடக்கம். இந்த நிலைமையில் கோயிலே, "இந்த ஆப்பை இறக்கிக்கோங்க" என்று பக்தர்களைப் பழக்கினால் என்ன ஆகும்? நாளைக்கு எவனோ ஒருத்தன் அம்பாள் படத்தைப் போட்டு, "ஆலயத்தின் புதிய ஆப்" என்று ஒரு ஏபிகே அனுப்புவான். சாமி படம் இருந்தால் நம்ம பாட்டி தட்டாமல் இருப்பாங்களா?

அதனால்தான் சொல்றோம். நம் ஆலயத்தின் பெயரில் ஆப் என்று எது வந்தாலும் அது நம்முடையது இல்லை. நமக்கு இருப்பது ஒரே ஒரு இணையப் பக்கம். அதன் முகவரி அறிவிப்புப் பலகையிலும் ரசீதுப் புத்தகத்தின் மேலேயும் அச்சிட்டிருக்கு.

சரி, அந்தப் பக்கத்துக்கு எப்படிப் போவது? யாரோ அனுப்பிய லிங்க்கைத் தட்டிப் போகாதீங்க. நீங்களே போங்க. இந்தப் பதிவு முழுக்க நாங்கள் சொல்ல வருவது இந்த ஒரு விஷயம்தான். கோயிலுக்கு நம் காலால் நடந்து வருகிறோம் இல்லையா? தெருவில் முன்பின் தெரியாத ஒருத்தர் வந்து, "வாங்க, கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன், வண்டியில ஏறுங்க" என்றால் ஏறுவோமா? இணையத்தில் மட்டும் கேட்காமல் ஏறிடுறோம்.

வழி ரொம்ப சுலபம். ரசீதுப் புத்தகத்தில் இருக்கிற முகவரியைப் பிரவுசரின் மேல் பட்டையில் ஒரே ஒரு முறை கையால் தட்டச்சு செய்யுங்க. பக்கம் திறந்ததும், குரோமில் மேலே வலது மூலையில் இருக்கிற மூன்று புள்ளியைத் தட்டினால் 'ஆட் டு ஹோம் ஸ்கிரீன்' என்று வரும். ஐபோனில் சதுரத்திலிருந்து மேல்நோக்கி அம்பு போகிற பகிர்வுப் பொத்தானைத் தட்டினால் அதே சொல் கீழே இருக்கும். அதைத் தட்டிட்டால் கைப்பேசி முகப்பில் வாட்ஸ்அப் பக்கத்திலேயே கோயில் பக்கத்துக்கும் ஒரு சின்னம் உட்கார்ந்துவிடும். பார்க்க ஆப் மாதிரியே இருக்கும். தட்டினால் நேராக நம் பக்கம் திறக்கும். ஆப் கேட்டவங்களுக்கு இதோ ஆப். செலவு ஒரு காசு இல்லை.

கோயிலுக்கு மட்டும் இல்லை, வங்கி, வருமான வரி, மின்சாரக் கட்டணம் எல்லாத்துக்கும் இதே மாதிரி செய்து வைங்க. மூன்று புள்ளிக்குள் இருக்கிற நட்சத்திரத்தைத் தட்டினால் புக்மார்க் ஆகும், அதாவது பக்க அடையாளம். பெயர் போட்டுத் தேடி, முதலில் வருவதைத் தட்டுகிற பழக்கம் நம்மில் நிறைய பேருக்கு இருக்கு. தேடல் முடிவில் மேலே வருவது பல நேரம் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். 'ஸ்பான்சர்ட்' என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். ஏமாற்றுக்காரனும் காசு கொடுத்து அங்கே இடம் பிடிக்கலாம்.

அடுத்து, முகவரி படிக்கப் பழகணும். நிறைய பேர், "பூட்டுப் படம் இருந்தால் பாதுகாப்பு" என்று நினைக்கிறாங்க. பூட்டுக்கு அர்த்தம் வேறு. நீங்கள் அனுப்புவதை நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதுதான் அதன் பொருள். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் நல்லவனா என்று அது சொல்லாது. மக்கள் இப்படித் தப்பாகப் புரிஞ்சுக்கிறாங்கன்னுதான் 2023இல் குரோம் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துட்டு வேறு சின்னம் வைத்தது. போலிப் பக்கத்துக்கும் பூட்டு கிடைக்கும்.

முகவரியை வலமிருந்து இடமாகப் படிங்க. கடிதத்தில் பெயர், வீட்டு எண், தெரு எல்லாம் எழுதிக் கடைசி வரியில்தானே ஊர் எழுதுவோம்? இதுவும் அப்படித்தான். முதல் சாய்கோடு வருவதற்கு முன்னால், கடைசியாக என்ன இருக்கு என்று பாருங்க. எஸ்டிஆர் உதவித்தொகைக்கான உண்மையான பக்கம் 'ஹசில் டாட் ஜிஓவி டாட் எம்ஒய்' என்று முடியும். 'டாட் ஜிஓவி டாட் எம்ஒய்' என்பது மலேசிய அரசாங்க அமைப்புகளுக்கு மட்டும் கொடுக்கப்படுவது. ஆனால் 'ஹசில் ஜிஓவி எம்ஒய்' என்ற மூன்றையும் நடுவில் கோடு போட்டு ஒட்டி, கடைசியில் 'டாட் காம்' என்றோ 'டாட் எக்ஸ்ஒய்இசட்' என்றோ முடித்திருந்தால் அது அரசாங்கப் பக்கமே இல்லை. முன்னால் எத்தனை நல்ல பெயர் இருந்தாலும் ஊர் தப்பு என்றால் கடிதம் தப்பான ஊருக்குத்தான் போகும்.

கைப்பேசியில் லிங்க் வந்தால் உடனே தட்டாதீங்க. பிரவுசருக்குள் இருக்கிற லிங்க்கை விரலால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் எங்கே போகிறது என்று முழு முகவரி தெரியும். பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

பாஸ்வேர்ட் விஷயத்துக்கு வருவோம். "பிரவுசர்ல பாஸ்வேர்ட் சேமிக்கிறது ஆபத்து இல்லையா?" என்று கேட்கிறாங்க. கைப்பேசிக்குப் பூட்டு எண்ணோ கைரேகையோ வைத்திருந்தால், ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்துக்கும் வைப்பதைவிட, நாட்காட்டி பின்பக்கம் எழுதி மாட்டுவதைவிட, பிரவுசரில் சேமிப்பது எவ்வளவோ மேல். அதில் இன்னொரு நன்மையும் இருக்கு. எந்த முகவரியில் சேமித்தோமோ அந்த முகவரியில் மட்டும்தான் பிரவுசர் அதைத் தானாக நிரப்பும். போலிப் பக்கம் பார்ப்பதற்கு அச்சு அசலாக இருக்கலாம், நம் கண் ஏமாறலாம். பிரவுசர் முகத்தைப் பார்ப்பதில்லை, முகவரியைப் பார்க்கிறது. எப்போதும் தானாக நிரம்புகிற இடம் இன்றைக்குக் காலியாக இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்க. கையால் அடிக்காதீங்க. கருவறை வாசலில் துவாரபாலகர் தடுத்து நிறுத்துகிற மாதிரி எடுத்துக்கோங்க.

ஒரு குறிப்பு. முகநூலில் லிங்க்கைத் தட்டினால் அது முகநூலுக்குள்ளேயே ஒரு குட்டிப் பிரவுசரில் திறக்கும். உங்கள் பக்க அடையாளம் அங்கே வராது, சேமித்த பாஸ்வேர்டும் வராமல் போகலாம். அங்கேயும் மூலையில் மூன்று புள்ளி இருக்கும். அதைத் தட்டி வெளிப் பிரவுசரில் திறக்கச் சொல்லுங்க. பணம் சம்பந்தப்பட்ட எதையும் அந்தக் குட்டிப் பிரவுசரில் செய்யவே வேண்டாம்.

உபயத்துக்குப் பணம் அனுப்பும்போதும் இதே நிதானம் வேணும். டூயிட்நவ் கியூஆர் வருடினால், பணம் போவதற்கு முன்னால் பெறுபவர் பெயர் திரையில் வரும். அங்கே ஆலயத்தின் பெயர் இருக்கணும். தனி ஆள் பெயர் வந்தால் அனுப்பாதீங்க, அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்க. சந்தேகமான வங்கிக் கணக்கு எண்ணையோ தொலைபேசி எண்ணையோ அரச மலேசியக் காவல்துறையின் 'செமாக் மியூல்' பக்கத்தில் போட்டால், அதன் மேல் புகார் பதிவாகியிருக்கா என்று காட்டும். அந்தப் பக்கத்தையும் புக்மார்க் செய்து வைங்க. ஆனால் புகார் இல்லை என்று வந்தால் நல்லவன் என்று அர்த்தம் இல்லை, இதுவரை யாரும் புகார் செய்யலைன்னுதான் அர்த்தம். ஏற்கெனவே பணம் போய்விட்டது என்றால் வெட்கப்பட்டு மறைக்காதீங்க. உடனே வங்கிக்கும், 997 என்ற தேசிய மோசடி நடவடிக்கை மையத்துக்கும் அழைக்கணும். இதில் தாமதம்தான் பெரிய எதிரி.

பெரியவங்க அடிக்கடி கொண்டு வருகிற இன்னொரு பிரச்சினை இது. "தம்பி, போன்ல வைரஸ் வந்திருச்சுன்னு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சொல்லுது, பாரேன்." எடுத்துப் பார்த்தால் வைரஸ் எதுவும் இருக்காது. ஏதோ ஒரு பக்கம், "அறிவிப்பு அனுப்பலாமா?" என்று கேட்டிருக்கும், இவங்களும் 'அலவ்' என்று தட்டியிருப்பாங்க. அன்றிலிருந்து அந்தப் பக்கம் பயமுறுத்தல் விளம்பரமாக அனுப்பிக்கொண்டே இருக்கும். குரோம் அமைப்புக்குள் 'சைட் செட்டிங்ஸ்', அதற்குள் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' போய்ப் பாருங்க. அனுமதி வாங்கிய பக்கங்கள் வரிசையாக இருக்கும். தெரியாததை எல்லாம் தடுத்துவிடுங்க. இனி யார் கேட்டாலும் 'பிளாக்' தட்டுங்க. அதே மாதிரி, "உங்கள் பிரவுசர் பழசாகிவிட்டது, இங்கே தட்டிப் புதுப்பியுங்கள்" என்று ஏதாவது பக்கம் சொன்னால் நம்பாதீங்க. பிரவுசரைப் புதுப்பிக்கணும்தான், அதில் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கிறாங்க. ஆனால் அதைப் பிளே ஸ்டோரிலோ ஐபோன் அமைப்பிலோ போய்ச் செய்யணும்.

இதுவரை பயத்தைப் பற்றியே பேசிட்டோம். பிரவுசரால் கிடைக்கிற சந்தோஷத்தையும் சொல்லணும் இல்லையா?

நாள் பார்ப்பதில் தொடங்குவோம். "இன்றைய ராகு காலம்" என்று தேடினால் வருவதில் பெரும்பாலானவை தமிழ்நாட்டு நேரம். ராகு காலம் சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரைக்கும் உள்ள பகலை எட்டாகப் பிரித்துக் கணக்கிடுவது. திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது என்று நாம் மனப்பாடமாகச் சொல்வது காலை ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கும் என்ற கணக்கில். கோலாலம்பூரில் உதயமே ஏழு மணியை ஒட்டித்தான். அதனால் இங்கே திங்கட்கிழமை ராகு காலம் சுமார் எட்டரைக்கு மேல்தான் தொடங்கும். 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தாங்க, வயதானவங்களுக்கு ஞாபகம் இருக்கும். திதியும் அப்படித்தான். ஏகாதசி சென்னையில் காலை 10.00 மணிக்கு முடிகிறது என்றால், அதே நொடி நமக்கு மதியம் 12.30. தேடும்போது கூடவே 'கோலாலம்பூர்' என்றோ உங்கள் ஊர்ப் பெயரையோ சேர்த்துப் போடுங்க. திறந்த பக்கத்தில் மேலே எந்த ஊர் போட்டிருக்கு என்று பாருங்க. ஆலயத்தில் விரதம், அபிஷேகம் எல்லாம் குருக்கள் சொல்கிற நேரப்படிதான். வீட்டில் இருந்து பார்க்கிறவங்களுக்காக இதைச் சொல்றோம்.

தமிழில் தட்டச்சு வராதா? விசைப்பலகையில் இருக்கிற ஒலிவாங்கிப் படத்தைத் தட்டித் தமிழில் பேசுங்க, எழுதிக்கொள்ளும். மொழி அமைப்பில் தமிழை ஒரு முறை சேர்த்துவிட்டால் போதும்.

அடுத்தது திருமுறை. மதுரைத் திட்டம் என்ற தன்னார்வ முயற்சி 1998 பொங்கல் முதல் தமிழ் நூல்களை மின்னூலாக்கி இலவசமாகக் கொடுத்து வருகிறது. நம்மைப் போன்ற தொண்டர்கள் ஊர் ஊராக உட்கார்ந்து தட்டச்சு செய்தது. சைவம் டாட் ஓஆர்ஜி தளத்தில் பன்னிரு திருமுறையும் இருக்கு, ஓதுவார்கள் பாடிய ஒலிப்பதிவும் இருக்கு. 1990களில் இணையத்தில் தமிழ் படிக்க ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு எழுத்துரு இறக்கணும், இல்லாவிட்டால் புரியாத குறியீடுகளாகத் தெரியும். அந்தக் கஷ்டத்தைத் தீர்க்கப் பாடுபட்டவர்களில் நம் நாட்டு முத்து நெடுமாறனும் ஒருவர். முரசு அஞ்சலும் செல்லினமும் அவர் உருவாக்கியவை. இன்றைக்கு எந்தப் பிரவுசரைத் திறந்தாலும் தமிழ் தெளிவாகத் தெரிகிறது. இவ்வளவு பேர் பாடுபட்டுக் கொடுத்ததை நாம் திறந்துகூடப் பார்க்காமல் இருக்கலாமா?

படிக்கும்போது சில வசதிகள். எழுத்து சின்னதாக இருந்தால் குரோம் அமைப்பில் 'அக்ஸசிபிலிட்டி' போய் எழுத்தளவைக் கூட்டலாம். ஐபோனில் முகவரிப் பட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னத்தைத் தட்டினால் எழுத்தைப் பெரிதாக்கலாம். பல பக்கங்களில் விளம்பரத்தையெல்லாம் மறைத்துவிட்டு எழுத்தை மட்டும் காட்டும் 'ரீடர்' வசதியும் அங்கேயே இருக்கும். சிவபுராணம் 95 அடி. படிக்கும்போது ஒரு சொல் எங்கே வருகிறது என்று தேடணும் என்றால் மூன்று புள்ளிக்குள் 'ஃபைண்ட் இன் பேஜ்' இருக்கு. கணினியில் கண்ட்ரோலும் எஃப் எழுத்தும் சேர்த்து அழுத்தணும். நீளமான உபயதாரர் பட்டியலில் உங்கள் பெயரைத் தேடவும் இதுவே வழி. பட்டியலை மேலும் கீழும் பத்துத் தடவை உருட்ட வேண்டாம்.

கண் பார்வை குறைந்தவங்களுக்கு ஒரு நல்ல செய்தி. கணினியில் மைக்ரோசாப்ட் எட்ஜ் பிரவுசரில் பக்கத்தை உரக்கப் படிக்கும் வசதி இருக்கு. அதில் தமிழ்க் குரல்களும் உண்டு, மலேசியத் தமிழ் என்றே தனியாகக் குரல் வைத்திருக்காங்க. பண்ணோடு பாட அதுக்குத் தெரியாது. ஆனால் ஒரு கட்டுரையோ தல வரலாறோ கேட்க அருமையாக இருக்கும்.

மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கிற நகராட்சி அறிவிப்பு புரியலையா? குரோமில் மூன்று புள்ளிக்குள் 'டிரான்ஸ்லேட்' தட்டித் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். மொழிபெயர்ப்பு கரடுமுரடாக இருக்கும், விஷயம் புரிந்துவிடும். தேதி, தொகை, கையெழுத்து சம்பந்தப்பட்டதை மட்டும் தெரிந்தவரிடம் ஒரு முறை காட்டிச் சரிபார்த்துக்கோங்க.

ஆலய அலுவலகக் கணினியைப் பயன்படுத்துகிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. பாரம் அச்செடுக்க வந்து, மின்னஞ்சலைத் திறந்து, அப்படியே விட்டுட்டுப் போயிடுறீங்க. அடுத்து வருகிறவர் கண்ணில் உங்கள் கடிதம் எல்லாம் படுகிறது. இனி 'இன்காக்னிட்டோ' சாளரத்தில் திறங்க. வேலை முடிந்ததும் அதை மூடிவிட்டால் அந்தக் கணினியில் உலாவல் வரலாறு தங்காது. வீட்டுப் பிள்ளைகள், "இன்காக்னிட்டோவில் பார்த்தால் யாருக்கும் தெரியாது" என்று நினைக்கிறாங்க. அது தப்பு. அந்தக் கணினி மறந்துவிடும், அவ்வளவுதான். போன தளத்துக்குத் தெரியும், இணையச் சேவை கொடுக்கிறவங்களுக்கும் எந்தத் தளத்துக்குப் போனோம் என்று தெரியும்.

இப்போது கோயில்கள் பக்கம் ஒரு கோரிக்கை. பக்தர்கள் மட்டும் பழகினால் போதாது. நாம் அறிவிப்பு போடுகிற விதமும் மாறணும். பல ஆலயங்களில் அறிவிப்பு என்றால் ஒரு படம்தான். அம்மன் படம், பூமாலை, கலர் கலராக எழுத்து. பார்க்க அழகு. ஆனால் படத்துக்குள் இருக்கிற எழுத்தைப் பிரவுசரால் பெரிதாக்கி வரி மடக்கிக் காட்ட முடியாது. உரக்கப் படிக்க முடியாது. பக்கத்துக்குள் தேடினாலும் சிக்காது. மேலே நாங்கள் சொன்ன வசதி பாதிக்கு மேல் அங்கே வேலை செய்யாது. படத்தைப் போடுங்க, தப்பில்லை. அதன் கீழே அதே செய்தியை எழுத்தாகவும் போடுங்க. பழைய அறிவிப்பை மாற்றும்போது அதே முகவரியில் மாற்றுங்க. ஒவ்வொரு திருவிழாவுக்கும் புதுப் புது லிங்க் அனுப்பினால், வருகிற லிங்க்கையெல்லாம் தட்டும்படி பக்தர்களை நாமே பழக்குகிற மாதிரி ஆகிவிடும். நம் நிர்வாகத்திடமும் இதைக் கேட்டிருக்கிறோம்.

சிலர் சொல்வது எங்களுக்குத் தெரியும். "வயசாச்சு, இதெல்லாம் பிள்ளைங்க பார்த்துக்குவாங்க." பார்த்துக்குவாங்கதான். ஆனா பிள்ளை வேலைக்குப் போன நேரம் பார்த்துத்தான் அந்த அழைப்பு வரும், அந்த லிங்க் வரும். கந்த சஷ்டி கவசத்தை மனப்பாடமாகச் சொல்கிற அம்மாவுக்கு ஒரு முகவரியின் கடைசிச் சொல்லைப் பார்க்க வராதா? ஐம்பது பேருக்குக் கண்ணளவில் உப்புப் போட்டுச் சமைக்கிற ஐயாவுக்கு மூன்று புள்ளியைத் தட்டத் தெரியாதா? நாம் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். சொல்லிக் கொடுக்கிறோம் என்று போனைப் பிடுங்கி, நாமே நாலு தட்டு தட்டித் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். அப்படிச் செய்தால் அவங்களுக்கு எப்படி வரும்?

"ஆப் இருந்தால் அறிவிப்பு தானாக வருமே" என்று இளைஞர்கள் சொல்றாங்க. நியாயம்தான். ஆனால் அறிவிப்புக்கு நம் வாட்ஸ்அப் குழு இருக்கு. குழுவில் இனிமேல், "உபயப் பதிவு தொடங்கிவிட்டது, உங்கள் முகப்பில் இருக்கிற கோயில் சின்னத்தைத் தட்டிப் பாருங்க" என்று மட்டும்தான் எழுதுவோம். லிங்க் போட மாட்டோம். குழுவில் நம் ஆலயப் பெயரில் லிங்க் வந்தால் அது எங்களிடமிருந்து வந்ததில்லை என்று தெரிஞ்சுக்கலாம்.

இளைய பக்தர்களிடம் எங்கள் வேண்டுகோள் இது. வருகிற வெள்ளிக்கிழமை இரவுப் பூஜை முடிந்து பிரசாதம் வாங்கியதும் மண்டபத்தில் அரை மணி நேரம் இருங்க. ஒருத்தர் ஒரு பெரியவரோடு உட்காருங்க. மூன்று வேலை போதும். ஒன்று, கோயில் பக்கத்தையும் அவர் வங்கிப் பக்கத்தையும் முகப்பில் சின்னமாக வையுங்க. இரண்டு, தேவையில்லாத நோட்டிஃபிகேஷனை நிறுத்துங்க. மூன்று, எழுத்தைப் பெரிதாக்கி அவருக்குப் பிடித்த பதிகம் ஒன்றைத் திறந்து காட்டுங்க. போன் அவர் கையில்தான் இருக்கணும், விரலும் அவர் விரலாக இருக்கணும். நீங்கள் வாயால் மட்டும் சொல்லுங்க.

பெரியவங்க கண்ணாடியை மறக்காமல் எடுத்துட்டு வாங்க. கைப்பேசிக்கு சார்ஜும் போட்டுட்டு வாங்க. கேள்வி இருந்தால் கீழே கேளுங்க, தெரிந்ததைச் சொல்றோம்.

அம்பாள் அருள் அனைவருக்கும் துணை நிற்கட்டும். 

அன்புடன்,
ஆலயத் தொண்டர்கள்